ஊர் தூங்கும் நேரத்தில் ஆற்றில் ஒருத்தி

ஓதிலியா ஸ்மோலாக் பொசாதாஸ் பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் டிக்கெட் விற்றவர். அதில் கடைசிப் பதினைந்து வருடம் அவர் எந்த பஸ்ஸிலும் ஏறியதில்லை. வேலைக்கு நடந்தே வருவார், நடந்தே போவார். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஓபெரா ஊருக்குப் போக வேண்டியிருந்தபோது கோழி ஏற்றும் வண்டியில் போனார். கல்யாணப் படத்தில் அவர் கொண்டையில் ஒரு வெள்ளை இறகு இருக்கிறது. அலங்காரம் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

நான் அதே நிலையத்தில் கூடையில் சிப்பா விற்கிறவள். மரவள்ளி மாவும் சீஸும் போட்டுச் சுடும் ரொட்டி. சூடு ஆறினால் கல்லு. பள்ளிக்கூடத்தை மூன்றாம் ஆண்டோடு விட்டேன், பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை. ஒருநாள் அறிவிப்பு அறையில் ஆளில்லை. மைக் சும்மா கிடந்தது. "பாரிஸ் செல்லும் பஸ் ஒன்பதாம் மேடையில் தயாராக உள்ளது, பயணிகள் நீச்சல் உடையோடு வரவும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். இரண்டு பேர் உண்மையாகவே ஒன்பதாம் மேடைக்குப் போனார்கள். காவலாளி துரத்தினான். நான் போய் விழுந்தது ஓதிலியாவின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால்.

"யாருடீ இது, பாரிஸ் கண்டக்டரா?"

"நான் இல்ல தோன்யா."

"அப்ப எதுக்கு மூச்சு வாங்குது? குனிஞ்சு உக்காரு. கூடைய உள்ள தள்ளு, வாசனையே உன்னைக் காட்டிக் குடுத்துரும்."

காவலாளியிடம் யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, என் கூடையிலிருந்து ஒரு சிப்பாவை எடுத்துத் தின்றார். அப்படித்தான் பழக்கம். பெரியவர்களை "தோன்யா" என்பது எங்கள் ஊர் மரியாதை. நான் அதை மரியாதையோடு சொன்னது அவர் ஒருவரைத்தான்.

அவர் பஸ் ஏறாததற்கான காரணத்தை நான் கேட்கவில்லை. ஒரு மழை நாளில் அவராகவே சொன்னார், நோட்டுகளை அடுக்கிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல்.

ஜனவரி மாதம், எங்களுக்குக் கோடை. மதியம் இரண்டரை மணி. எங்கள் பக்கத்தில் அந்த நேரம் சியெஸ்தா. கடை மூடும், நாய் படுக்கும், போலீஸ்காரனும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்வான். ஒருவர் வீட்டு வாசலில் அப்போது போய்க் கை தட்டினால் சாவுச் செய்தி என்றுதான் எழுந்து வருவார்கள். அந்த வேளையில் ஒரு ஆள் வந்து புவெனோஸ் ஐரஸுக்கு இரண்டு டிக்கெட் கேட்டான். பக்கத்தில் பதினாறு வயதுப் பெண், கையில் துணிப்பை. "என் அண்ணன் மக" என்றான். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும், அதில் மேற்பார்வையாளர் முத்திரை வேண்டும். மேற்பார்வையாளர் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிற முதலாளியை எங்கள் ஊரில் யாரும் எழுப்ப மாட்டார்கள். அந்த வேளையில் வரும் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, நாலு மணிக்கு மேல் மொத்தமாக முத்திரை குத்துவது வழக்கம். அவன் கொடுத்த தாளை ஓதிலியா ஓரமாக வைத்தார். டிக்கெட் கொடுத்தார். பஸ் மூன்று மணிக்குப் போய்விட்டது.

நாலு மணிக்கு மேற்பார்வையாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து தாளைப் பார்த்தார். "இதென்ன, பல்பொடி ரசீது மாதிரி இருக்கு?" என்றார்.

"அந்தக் கதவுல ரெண்டு தட்டு தட்டியிருக்கணும்," என்றார் ஓதிலியா. "எழுப்பினா கத்துவாரு. அவ்வளவுதான் நான் பயந்தது. ஒருத்தர் கத்துறதுக்கு."

பத்து நாளில், காணவில்லை என்று அந்தப் பெண்ணின் படம் போட்ட தாளை அவருடைய ஜன்னல் கண்ணாடியிலேயே வெளிப்பக்கமாக ஒட்டிவிட்டுப் போனார்கள். பெயர் மரிசெல். முகம் பயணிகள் பக்கம். ஓதிலியாவுக்குத் தெரிந்தது தாளின் வெள்ளை முதுகு மட்டும். மூன்று வருடம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். பிறகு ஒருநாள் ஒரு பெண்மணி வந்து தாளை நகத்தால் சுரண்டினார். ஓதிலியா எழுந்து வெளியே ஓடி, "செத்துட்டாளா?" என்று கேட்டார். "இல்ல, திரும்பி வந்துட்டா," என்றார் அந்தப் பெண்மணி. அவர்தான் ஐரீஸ். கடத்திக்கொண்டு போய் விற்கப்பட்டுத் திரும்பி வரும் பெண்களுக்காக ஊருக்கு வெளியே ஒரு வீடு நடத்துகிறார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓதிலியா அந்த வீட்டுக்கு நடந்துபோய் எண்ணெயில் ரொட்டி பொரித்துக் கொடுத்தார். மரிசெல் அங்கே இருந்த எட்டு மாதமும் ஓதிலியா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தான்தான் அந்த ஜன்னல்காரி என்று அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஐரீஸுக்கு மட்டும் தெரியும். பிறகு மரிசெல் ஆற்றோடு கீழே கோயா ஊருக்குப் போய் ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

போன வருடம் வீட்டின் கூரை ஒழுக ஆரம்பித்தது. பெண்களும் கூடிவிட்டார்கள், இன்னொரு அறை வேண்டும். ஐரீஸ் குலுக்கல் சீட்டு நடத்தலாம் என்றார். ஓதிலியா கயாக் என்றார், ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கின படகு.

பரனா ஆற்றில் கரையோரம் கிலோமீட்டர் பலகைகள் இருக்கின்றன. எங்கள் ஊர் ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்து மூன்று. கீழே போகப் போகக் குறைந்து புவெனோஸ் ஐரஸில் பூஜ்யம். ஒரு கிலோமீட்டரை ஒருவருக்கு விற்பது, அந்த இடத்தைக் கடக்கும்போது வாங்கியவர் சொல்லும் பெயரை ஆற்றில் மூன்று தடவை கத்துவது: இதுதான் திட்டம். விலை, அன்றைக்கு நாங்கள் டீ மாதிரிக் குடிக்கும் மாத்தே இலை ஒரு கிலோ என்ன விலையோ அது. எங்கள் பணமான பெசோவில் சொன்னால் துடுப்பைத் தூக்கி இறக்குவதற்குள் மாறிவிடும். முதுகு பிடித்துக்கொண்ட ஒரு பல் வைத்தியரிடம் ஆரஞ்சு நிறக் கயாக்கை வாங்கினார். ஐம்பத்தேழு வயதில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பழகினார்.

"பாரிஸ் பஸ்ஸுக்கு இப்ப தண்டனை," என்று என்னிடம் சொன்னார். "பணம் ஐரீஸ் கணக்குக்குப் போயிரும். போனையும் படத்தையும் நீ பாத்துக்க. உளறாத."

பூஜ்யத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தூறலில், மூன்று பேர் வரவேற்க. அதில் ஒருவர் தப்பான ஆளை வரவேற்க வந்தவர். கூரை போட்டாயிற்று, அறைக்குப் பாதிச் சுவர் எழும்பியிருக்கிறது. நான் சொல்ல வந்தது கோயா பற்றி.

ஆற்றில் போகிற எல்லோரும் விடியலில் கிளம்பி, பதினோரு மணிக்கு நிழலில் ஒதுங்கி, சாயங்காலம் மறுபடி கிளம்புவார்கள். ஓதிலியா பத்து மணிக்குக் கிளம்பி, கொளுத்துகிற நேரம் முழுக்கத் துடுப்புப் போட்டு, ஐந்து மணிக்குக் கரை ஏறினார். அந்த நேரத்தில் தூங்க மாட்டேன் என்று அவருக்கு ஒரு வைராக்கியம். ஆற்றுக் காவல்காரர்கள் ஒவ்வொரு சாவடியிலும் அவர் பெயரை எழுதிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இதில் பெரிய சங்கடம் எனக்குத்தான். ஒவ்வொரு ஊரையும் அவர் கடப்பது மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. கரையில் ஒரு ஈ, காக்கை இருக்காது. அவர் அனுப்பும் படங்களில் காலி மணல், காலி பெஞ்சு, எப்போதாவது ஒரு நாய். யார் பார்த்துக் கிலோமீட்டர் வாங்குவார்கள்? விற்காத கிலோமீட்டர்களில் கத்தப் பெயர் இல்லை. அப்போது அவர் வாய் திறக்க மாட்டார். சில நாள் எனக்கு நாலு நிமிடக் குரல் பதிவு வரும். கேட்டால் பேச்சே இருக்காது. துடுப்புச் சத்தம், தண்ணீர், ஒரு பறவை. தெரியாமல் விரல் பட்டுவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது தடவைதான் புரிந்தது. அவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க விரும்பியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பதிவுகளை முழுக்கக் கேட்டேன், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மேடை மேடையாக நடந்தபடி.

வழியில் இருக்கும் பெரிய அணையைத் தாண்டியதும் இத்துசைங்கோ ஊர் வானொலிக்கு நான் போன் போட்டேன். ஒரு கார் நீளத்துக்கு சுருபி மீன் ஒன்று இரண்டரை மணிக்குக் கரையோரமாக வருகிறது என்றேன். சுருபி என்றால் எங்கள் ஆற்று ஆட்கள் பிணப்பெட்டியிலிருந்தும் எழுந்து வருவார்கள். இருபது பேர் தூக்கக் கலக்கத்தோடு வந்து, வெயிலில் மூக்குத் தோல் உரிந்த ஒரு கிழவியைப் பார்த்துத் திட்டிவிட்டு, இரண்டு கிலோமீட்டர் வாங்கினார்கள்.

"என்னைய மீன்னு சொன்னியாடீ?"

"கார் நீளத்துக்குன்னுதான் சொன்னேன், தோன்யா. குண்டுன்னு சொல்லல."

"மனுசங்க தூக்கத்தோட விளையாடாத. நான் வரட்டும், உன் காதைத் திருகி கயாக்குல கொடியா கட்டுறேன்."

அப்படிச் சொன்னாலும் அன்றைக்குக் குரலில் சிரிப்பு இருந்தது.

கொரியெந்தெஸ் நகரத்தில் இரண்டு நாள் தங்கினபோது அவர் மரிசெலுக்குக் கையால் ஒரு கடிதம் எழுதினார். அதைப் படம் பிடித்து ஐரீஸுக்கு அனுப்ப, ஐரீஸ் மரிசெலுக்கு அனுப்பினார். எனக்கும் ஓதிலியா போனில் படித்துக் காட்டினார், எழுத்துப்பிழை பார்க்கவாம். என்னிடம்! அதில் இருந்தது இவ்வளவுதான்: நிலையத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள் நான். தாளைப் பார்க்காமல் டிக்கெட் கொடுத்தவள் நான். வருகிற வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கோயா கரையோரமாகப் போவேன். இறங்க மாட்டேன். உனக்கு என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் பார். தோன்றாவிட்டால் வேண்டாம்.

பதில் வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன். ஒவ்வொரு சாயங்காலமும் கரை ஏறியதும் முதல் கேள்வி, "ஏதாவது வந்துச்சா?" இல்லை என்று சொன்னதும், "சரி, அவ எதுக்கு எழுதணும்," என்பார். புதன்கிழமை சாயங்காலம் அதையும் சொல்லவில்லை. வெறுமனே போனை வைத்துவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. கோயாவில் என் பெரியம்மா மகள் தெல்ஃபினா இருக்கிறாள். மரிசெல் வயசு. கூப்பிட்டேன்.

"நாளைக்கு மூணு மணிக்கு ஆத்தங்கரைல போய் நில்லு. ஆரஞ்சுக் கயாக் வரும். கையத் தூக்கிக் காட்டு. அவ்வளவுதான்."

"சியெஸ்தா நேரத்துலயா? மண்டை காஞ்சு போச்சா உனக்கு?"

"ஒரு நல்ல காரியம்டீ."

"நல்ல காரியத்த ஏழு மணிக்கு வெச்சுக்க. எனக்கு என்ன தருவ?"

"என் ஹெட்போன்."

"ஒரு காதுல கேக்காதே, அதுவா?"

"கேக்குற காத யூஸ் பண்ணு."

ஓதிலியா மரிசெலின் முகத்தை நேராகப் பார்த்துப் பல வருடம். பதினாறு வயது முகம் முப்பத்தொன்றில் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு கை உயர்ந்தால் போதும், அவர் சமாதானமாகப் போய்விடுவார். அப்படித்தான் கணக்குப் போட்டேன். கணக்கில் எனக்குப் பள்ளிக்கூடத்திலும் நாலு மதிப்பெண்தான்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் குரல் பதிவு வந்தது.

"குட்டி, அவ வந்தா. மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு படிக்கட்டுல நின்னா. நான் கிட்ட வந்ததும் கையத் தூக்கினா. ரெண்டு கையும்! நான் துடுப்ப மடியில வெச்சுட்டு அவளையே பாத்துக்கிட்டு மிதந்தேன், வளைவுல மறையுற வரைக்கும். கண்ணெடுக்கல. நல்லா இருக்கா குட்டி. சதை போட்டிருக்கா. நல்லா சாப்பிடுறா போல."

அழுதுகொண்டே சிரித்தார். நான் அதை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை பெருமையாக இருந்தது. மூன்றாவது தடவை கூடையில் மிச்சமிருந்த சிப்பாவைத் தின்ன முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐரீஸ் நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"மரிசெல் போன் பண்ணினா," என்றார். "நேத்து அவ கரைக்குப் போயிருக்கா. மரத்தடி பெஞ்சுல, சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாம். கயாக் அவ முன்னாலதான் போச்சாம். ஓதிலியா திரும்பியே பாக்கலியாம். படிக்கட்டுல எவளோ ஒரு மஞ்சச் சட்டை கைய ஆட்டிக்கிட்டு இருந்தா, அவளையே பாத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னா. யாரு அது, யானினா?"

யானினா என்பது நான்.

சொன்னேன். ஐரீஸ் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஓதிலியாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஓதிலியா அன்று ஒரு தீவில், மீனவர் யாரோ விட்டுப்போன குடிசையில் இருந்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். மஞ்சள் சட்டை, ஹெட்போன், பெஞ்சு, சைக்கிள், எல்லாவற்றையும்.

"தோன்யா?"

"இருக்கேன்."

"திட்டுங்க."

"ரெண்டாவது தடவை," என்றார். "ரெண்டு தடவையும் என் முன்னாலதான் நின்னிருக்கா. ரெண்டு தடவையும் நான் வேற எங்கயோ பாத்திருக்கேன்."

"அது என் தப்பு, தோன்யா."

"மஞ்சச் சட்டை உன் தப்பு. கண்ணு என்னோடது."

போன் அணைந்தது. சனிக்கிழமை பூராவும் பதிவு இல்லை. ஆற்றுக் காவலிடம் விசாரித்ததில், பதினெட்டு கிலோமீட்டர் மட்டும் போய்க் கரை ஏறினதாக எழுதியிருந்தது. ஞாயிறு, பதினொன்று. முப்பதுக்குக் குறைந்ததே இல்லாதவர்.

ஞாயிறு ராத்திரி பஸ் ஏறினேன். திங்கள் மதியம் கோயா. ரொட்டிக் கடை முன்பக்கம் பூட்டியிருந்தது, சியெஸ்தா. பின்பக்க வேலியில் நின்று கை தட்டினேன். அந்த நேரத்தில் கை தட்டும் கழுதை யார் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் கத்தினார். கதவைத் திறந்தவள் முழங்கை வரை மாவோடு நின்றாள். மெலிந்த பெண். தெல்ஃபினாவுக்கும் அவளுக்கும் மூக்கு இருக்கிறது என்பதைத் தவிர ஒற்றுமை கிடையாது.

"தூங்கிட்டிருந்தீங்களா?"

"நான் இந்த நேரத்துல தூங்கறதில்ல. யாரு நீ?"

"மஞ்சச் சட்டைய ஏற்பாடு பண்ணினவ."

கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எவ்வளவு குடுத்த?"

"ஹெட்போன். ஒரு பக்கம் வேலை செய்யாது."

மூக்கால் சிரித்தாள். உள்ளே விட்டாள். மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள். நான் எல்லாம் சொன்னேன். பஸ் ஏறாதது, அடுப்படியை விட்டு வராதது, புதன்கிழமை சாயங்காலம், சத்தமில்லாத பதிவுகள். அவர் உங்களைப் பார்க்காமல் போகவில்லை, நான் பார்க்க விடாமல் செய்துவிட்டேன் என்றேன். மன்னிப்புக் கேட்டு ஓதிலியா அனுப்பவில்லை, நான் வந்ததே அவருக்குத் தெரியாது என்றேன்.

அவள் மாவைத் தூக்கிப் பலகையில் இரண்டு தடவை அடித்தாள்.

"அவங்கள எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள். "ஜன்னல் பக்கமா, நடைபாதைப் பக்கமான்னு என்னைத்தான் கேட்டாங்க. அந்த ஆளைக் கேக்கல. நான் ஜன்னல்னு சொன்னேன். அதுக்கப்புறம் மூணு வருசம் உனக்கு என்ன வேணும்னு என்னை யாரும் கேக்கல."

அதை நல்லதாகச் சொன்னாளா, கெட்டதாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாதோ என்னவோ.

"ஐரீஸ் வீட்ல அவங்க பொரிச்ச ரொட்டி நல்லா இருந்துச்சு. யாரு பொரிக்கிறான்னு அப்பவே கேட்டேன். ஐரீஸ் சொல்லல." கையைத் துடைத்தாள். "எங்க இருக்காங்க இப்ப?"

"எஸ்கினாவுக்கு மேல, எங்கயோ தீவுல. சிக்னல் இருக்காது."

"போனைக் குடு. அவங்களுக்குக் குரல்ல அனுப்பறது எப்படின்னு காட்டு. காட்டிட்டு வெளிய போ."

வேலியோரம் வெயிலில் நின்றேன். ஊரே செத்துக் கிடந்தது. ஒரு நாய் மட்டும் என்னைப் பார்த்து, குரைக்கச் சோம்பல்பட்டு, மறுபடி படுத்துக்கொண்டது. கதவு திறந்து போனும், தாளில் சுற்றிய இரண்டு ரொட்டியும் என் கைக்கு வந்தன. கதவு மூடிவிட்டது.

பதிவு நாற்பத்தெட்டு விநாடி. அது என் போனில்தான் இருக்கிறது, இன்றைக்கும். தட்டினால் கேட்கும். வாழ்க்கையில் பூட்டைப் பார்த்தால் ஆணி தேடுகிறவள் நான். அதை மட்டும் தட்டியதில்லை.

அன்றைக்கு ஒற்றைக் குறியோடு நின்றது. திரும்பும் பஸ்ஸில் விடிய விடிய அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். செவ்வாய் காலை ஒன்பதரைக்கு நீலமாயிற்று, கேட்டுவிட்டார். பதில் ஒன்றும் வரவில்லை, எனக்கும் இல்லை, மரிசெலுக்கும் இல்லை. பத்து மணி, பன்னிரண்டு, மூன்று. ஐந்து மணிக்கும் ஒன்றும் இல்லை.

ஏழரைக்கு ஆற்றுக் காவல் சாவடிக்குப் போன் போட்டேன்.

"ஸ்மோலாக்தானே? இப்பத்தான் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போச்சு அந்தம்மா," என்றான் அங்கிருந்தவன். "கை ரெண்டும் கொப்புளம். பைத்தியமா அது? இன்னைக்கு மட்டும் அறுபத்திரண்டு கிலோமீட்டர்."